இல்லம் தேடிக் கல்வி

இல்லம் தேடிக் கல்வி என்பது கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு தொடங்கிய தன்னார்வலர் திட்டம் ஆகும். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இதனைத் தொடங்கி வைத்தார். முதலில் 12 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்து, பின்னர் கள்ளக்குறிச்சி உள்ளிட்ட பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

செயல்முறை

1 முதல் 8 வரையிலான வகுப்புகளில் பயிலும் சுமார் 20 குழந்தைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாலை 5 முதல் 7 மணிக்குள் அவர்களின் குடியிருப்பிலேயே கற்பித்தார். பாடநூலை ஒப்பிப்பதைவிட விளையாட்டு, கதை, பாடல் ஆகியவற்றுக்கே முதன்மை அளிக்கப்பட்டது. தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் நடுநிலை வகுப்புகளுக்குப் பட்டமும் தகுதிகளாக வைக்கப்பட்டன. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. இது சம்பளம் அன்று. தன்னார்வலர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

கல்வராயன் மலை

மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலையில் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. பெற்றோர் கூலி வேலைக்கு வெளியூர் செல்லும் வீடுகளில் மாலையில் குழந்தையின் படிப்பைக் கவனிக்க ஆளில்லை. பலர் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிப்பவர்கள். பள்ளி மூடினால் படிப்போடு உணவும் நின்றுவிடும். இத்தகைய இடங்களில் அதே ஊரைச் சேர்ந்த, குடும்ப நிலையை அறிந்த ஒருவர் கற்பிப்பதே இத்திட்டத்தின் வலிமை எனலாம். ஆனால் கல்வியில் பின்தங்கிய சிற்றூரில் அத்தகுதி உடையவரைக் கண்டறிவதும் கடினமே.

விமர்சனம்

தேசியக் கல்விக் கொள்கை 2020 தன்னார்வலர்களைப் பள்ளிக் கல்வியில் ஈடுபடுத்தப் பரிந்துரைப்பதால், இத்திட்டம் அதற்கு வழிவிடக்கூடும் எனத் திராவிடர் கழகம் முதலியவை ஐயம் எழுப்பின. அரசு இதனை மறுத்தது.