பிள்ளை பெற்றவளின் மனமும் தாதியரும்

பிள்ளை பெற்றவள் காரணமின்றி அழுதாலோ, குழந்தையை ஏறெடுத்தும் பாராமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாலோ, தோட்டத்து லயங்களில் நாம் என்ன சொல்லி வந்தோம்? காற்றுக் கருப்பு என்று வேப்பிலை அடித்தோம்; இல்லையேல் சோம்பேறி என்று ஏசினோம். அது நோய், தீரக்கூடிய நோய் என்று தாதியருக்குக் கற்பித்த வரலாறு மிக அண்மையது.

1950களில் மலாயாவில் கிராம சுகாதாரத் திட்டம் தொடங்கியது. 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம் என்பது கணக்கு. 1970களில் அந்த மருத்துவச்சிகளுக்கு மேற்பயிற்சி அளித்துக் கிராமத் தாதியராக்கினர். இன்று அவர்கள் சமூகத் தாதியர். ஜொகூரிலும் கம்பத்து வீடுகளுக்கு இவர்கள் நடந்தார்கள். ரப்பர்த் தோட்டமோ துரையின் எல்லை. அங்கே டிரஸரும் ஆயாக் கொட்டகையும்தான். தாதி கற்றதும் பெரும்பாலும் உடலைப் பற்றியே: இரத்தப்போக்கு, காய்ச்சல், குழந்தையின் எடை. குறை சொல்வதற்கில்லை. தாய் உயிர் பிழைப்பதே அன்று பெரும்பாடு.

மனத்தை அளக்கும் வழி ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. 1987இல் ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகியோர் பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவையை வெளியிட்டனர். 1989இல் அவர்களே இன்னொன்றையும் காட்டினர். வீடு தேடிச் செல்லும் தாதியருக்கு, புத்தி சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்கும் பயிற்சி தந்தார்கள். வாரம் ஒருமுறையாக எட்டு வாரம் அவர்கள் சென்று கேட்ட 26 தாய்மாரில் 18 பேர் தேறினர். அவ்வாறு கேட்கப்படாத 24 பேரில் 9 பேரே தேறினர். மருந்தல்ல, காது! பின்னாளில் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு, பயிற்சி பெற்ற தாதி வந்துபோனால் நோய் இல்லாதவருக்கும் அது வருவது குறைகிறது என்று கண்டது. வருமுன் காப்பது என்பது அதுதானே.

இது வெள்ளைக்காரர் வியாதி என்பாரும் உண்டு. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. பிள்ளை பெற்றபின் புதிதாக இந்நோய் கண்டவர் 100க்கு 11 பேர். மாமியாருடன் மனத்தாங்கல், ஆண்பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, கைவேலைக்கு ஆள் இல்லாதது ஆகியவை அங்கே முன்னின்றன. நம் லயத்துக்கு இவை புதியவையா?

அந்த அளவையின் பத்தாவது கேள்வி, தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. கேட்டால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்று அஞ்சுகிறோம். கேட்பதால் அது முளைப்பதில்லை. தயங்காமல் கேட்கவும், ஆம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் சேர்க்கவும் தாதிக்குப் பழக்கம் வேண்டும். அவள் அதைக் கேட்கும்போது மாமியாரும் கணவனும் சற்று வெளியே இருப்பது நல்லது.