மனிதர் என்னும் பெயர்



ஈக்வடார் நாட்டின் கிழக்கே, ஆண்டிஸ் மலைத்தொடர் அமேசான் காட்டினுள் இறங்கும் சரிவுகளில் ஷுவார் என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் மொழியில் ஷுவார் என்றால் மனிதர் என்றே பொருள். ஸ்பானியர் இட்ட பெயரோ ஹீவரோ. நாளடைவில் அது காட்டுமிராண்டி என்னும் வசைச்சொல்லாயிற்று. ஒரு கூட்டத்தாரின் பெயரையே வசையாக்கிவிட்ட பிறகு, அவர்களுக்கு எதைச் செய்தாலும் மனச்சாட்சி உறுத்துவதில்லை.

பொன் தேடி வந்த ஸ்பானியருக்கு எதிராக அவர்கள் 1599-இல் எழும்பினார்கள். ஆளுநரின் வாயில் உருக்கிய பொன்னை வார்த்தார்கள் என்ற கதை, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட நூலில் வருவது. அதை நான் ஐயத்தோடே வாசிக்கிறேன். அதன்பின் ஸ்பானிய ஆட்சி அக்காட்டில் நெடுங்காலம் வேரூன்றவில்லை என்பதோ உறுதி.

உலகம் அவர்களை அறிந்தது வேறொன்றால். கொன்ற பகைவனின் தலையைச் சுருக்கி, அவனது ஆவி பழிவாங்காதபடி அடக்கும் சடங்கு அவர்களிடம் இருந்தது. அது கொடியதே. ஆனால் அத்தலைகளுக்கு ஈடாகத் துப்பாக்கி கொடுத்தவர்கள் வெளியுலக வணிகர். அதனால் கொலைகள் பெருகின. ஆக்ஸ்போர்டிலுள்ள பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் 2020-இல்தான் அத்தலைகளைக் காட்சியிலிருந்து அகற்றியது.

இனி, நம்மைத் தொடும் பகுதி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சலேசிய சபையின் கத்தோலிக்க மிஷனெரிகள் அங்கே சென்றார்கள். சுவிசேஷத்தோடு விடுதிப் பள்ளிகளும் வந்தன. பிள்ளைகள் பெற்றோரை விட்டுப் பிரிந்து அங்கே வளர்ந்தார்கள். தாய்மொழி விலக்கப்பட்டது, ஸ்பானிய மொழியே பேசவேண்டும். அன்பினாலேயே பலர் இதைச் செய்தார்கள் என்று நம்புகிறேன். ஆயினும், வீடு திரும்பிய பிள்ளை தன் பாட்டியின் கதையைக் கேட்க நாணியிருந்தால், அந்த அன்பை என்னவென்று சொல்வது?

அதே மிஷனின் குருமார் சிலர் பின்னர் வேறு வழி கண்டார்கள். அவர்கள் துணைநிற்க, 1964-இல் ஷுவார் மக்கள் சுகுவா என்னும் ஊரை மையமாகக் கொண்டு தங்கள் கூட்டமைப்பை நிறுவினார்கள். மலைநாட்டிலிருந்து குடியேறிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. பயன்படுத்தாத நிலம் உரியவனற்ற நிலமாகக் கருதப்பட்டதால், காட்டை அழித்து மாடு வளர்த்தே அவர்கள் பட்டா பெற வேண்டியிருந்தது. காட்டைக் காக்கக் காட்டையே வெட்டினார்கள்!

1972-இல் கூட்டமைப்பின் வானொலிப் பள்ளி தொடங்கியது. காட்டு ஊர்களின் பிள்ளைகள் இனி விடுதிக்குப் போகாமல், பெற்றோருடன் இருந்தபடியே பாடம் கேட்டார்கள். ஸ்பானிய மொழியோடு ஷுவார் மொழியும் அதில் ஒலித்தது. 2008-ஆம் ஆண்டின் ஈக்வடார் அரசியலமைப்பு, கிச்சுவா மொழியோடு ஷுவார் மொழியையும் பண்பாடுகளுக்கு இடையிலான உறவின் அலுவல் மொழியாக ஏற்றுக்கொண்டது.