இந்திரா கோஸ்வாமியின் புதினங்களில் கைம்மை

மாமணி ரய்சம் கோஸ்வாமி என அசாமியர் அறிந்த இந்திரா கோஸ்வாமி (1942–2011), மணமான 18 மாதங்களில் கணவரைக் காஷ்மீரில் நிகழ்ந்த விபத்தில் இழந்தார். இராமாயண ஆய்வுக்காக விருந்தாவனம் சென்றபோது, பஜனை பாடிப் பிழைத்த கைம்பெண்களின் வறுமையை நேரில் கண்டார். அதுவே ‘நீலகண்டி பிரஜ’ (1976) புதினமாயிற்று. அதனைத் தன்வரலாறாக மட்டும் வாசிப்பது அவரைக் குறுக்குவதாகும். ‘தந்த யானையின் கறையான் அரித்த அம்பாரி’ எனப் பொருள்படும் தலைப்புடைய பிற்காலப் புதினம் (1988), கைம்மையைத் தெற்குக் காமரூபத்துச் சத்திரம் ஒன்றின், அதாவது வைணவ மடத்தின், நிலவுடைமையோடு பிணைத்துக் காட்டுகிறது. அங்கே இளங்கைம்பெண் கிரிபாலா விலக்கப்பட்ட இறைச்சியை உண்கிறாள். சுவடி திரட்டும் மார்க் என்னும் வெள்ளையரை விரும்புகிறாள். தூய்மைச் சடங்கில் எரியூட்டப்பட்ட குடிசையை விட்டு வெளியேற மறுத்து மடிகிறாள். கோஸ்வாமியும் சத்திராதிகாரக் குடும்பத்தில் பிறந்தவரே. விருந்தாவனப் புதினத்தில் காணாத கூர்மை இக்கண்டனத்திற்கு வாய்த்தது அதனாலேயே எனலாம்.