நிலைத்த அழுத்தமும் தெளிந்த ஒலியும்



மாலை வேளையில் ஊர்க் கிணறுகளில் பம்புசெட்டுகள் ஒருசேர ஓடத் தொடங்கினால், வீட்டு விளக்குகள் மங்கி எரிவதைப் புதுக்கோட்டைச் சீமையில் வளர்ந்தவர்கள் நன்கறிவார்கள். விளக்கின் மங்கல் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. வானொலி அனுப்பும் கருவிக்கு அதே குறை நேர்ந்தால், அதனை இயக்குபவர் பெரும்பாலும் அறியார். நெடுந்தொலைவில் கேட்பவரே அறிவார். இக்குறையைக் களைய அமெச்சூர் வானொலியாளர்கள் செய்த முயற்சியின் வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஊதியம் கருதாது, அறிவு வேட்கையால் வானொலிக் கருவி அமைத்துப் பேசுவோரே அமெச்சூர்கள். தமிழகத்தில் ஒலிபரப்பைத் தொடங்கியதும் இத்தகைய ஆர்வலர்களே. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றிற்று. ஜூலை 31 அன்று அதன் ஒலிபரப்பு தொடங்கிற்று. பணமுடையால் 1927 அக்டோபரில் அது நின்றுபோயிற்று. கழகத்தின் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. 1938-இல் அகில இந்திய வானொலி அப்பணியை ஏற்றது. 1939 மே 16 அன்று திருச்சி நிலையம் எழுந்தது.

கழகம் ஓய்ந்த அதே 1927-இல், வாஷிங்டனில் கூடிய அனைத்துலக மாநாடு அமெச்சூர்களுக்கென அலைவரிசைகளை வரையறுத்தது. 1929-இல் நடைமுறைக்கு வந்த அவ்வரிசைகள் குறுகியவை. அதற்கு முன் பலர், மாறுமின்சாரத்தைச் சீராக்காமலே வால்வுக்கு ஊட்டிவந்தனர். கரகரவென்ற அவ்வொலி பக்கத்து அலைகளையும் மறைத்தது. ஒடுங்கிய தெருவில் வண்டி ஓட்டுகிறவன் நேரே ஓட்டவேண்டுமன்றோ? அவ்வாறே, அதிர்வெண் நகராமல் நிற்கவேண்டும் என்ற கட்டாயம் பிறந்தது. ஒலியின் தூய்மைக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் இடும் முறை 1934-இல் தோன்றியது.

அதிர்வெண் ஏன் நகர்கிறது? ஒரே தொட்டியிலிருந்து வரும் இரு குழாய்களுள் பெரியதைத் திறந்தால் சிறியதில் நீர்வேகம் குறைவதைக் கண்டிருப்பீர்கள். அனுப்பியிலும் அலையைப் பிறப்பிக்கும் சிறு வால்வு ஒன்றும், அதைப் பெருக்கும் பெரு வால்வு ஒன்றும் உண்டு. தந்திச் சாவியை அழுத்தியதும் பெரு வால்வு மின்னோட்டத்தை வாரி இழுக்கிறது. வெறுமையில் 600 வோல்ட் இருந்த அழுத்தம் சுமையேறியதும் 500 ஆகிவிட்டால், சிறு வால்வின் அலை இடம் பெயர்கிறது. அப்போது தந்திப் புள்ளி ஒவ்வொன்றும் குருவிக் குஞ்சு போலக் கீச்சிடும்.

இதற்கு மூன்று வழிகள் கண்டனர். முதலாவது, வடிகட்டியின் முகப்பில் மின்தேக்கிக்குப் பதிலாகச் சோக் சுருளை வைப்பது. அழுத்தத்தின் அளவு குறையும். ஆனால் சுமைக்கேற்ப அது ஆடுவதும் பெரிதும் குறையும். இரண்டாவது, 866 போன்ற பாதரச ஆவி வால்வு. நீல ஒளியோடு எரியும் அதில், மின்னோட்டம் கூடினாலும் குறைந்தாலும் இழப்பு ஏறக்குறைய 15 வோல்ட்தான். மூன்றாவது, வாயு நிரம்பிய அழுத்தச் சீர்ப்படுத்தி. 1920-களிலேயே 90 வோல்ட்டுக்குரிய 874 வந்தது. பின்னர் வந்த விஆர்-150 புகழ்பெற்றது. தன் வழியே 5 முதல் 40 மில்லியாம்பியர் வரை எவ்வளவு ஓடினும், அது 150 வோல்ட்டை ஏறக்குறைய மாறாமல் காக்கும்.

இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939-இல் இந்திய அமெச்சூர்களின் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. 1946-இல் மீண்டும் வழங்கப்படலாயின. போரில் எஞ்சிய வால்வுகள் மலிவாகக் கிடைத்தன. அவ்வகை விஆர்-150 ஒன்று எங்கள் குடும்பத்துக்கும் வந்து சேர்ந்தது.

என் சிற்றப்பா படையில் தந்தியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலங்குடிப் பக்கத்துச் சிற்றூரில், 807 வால்வு கொண்டு தாமே அனுப்பி ஒன்றை அமைத்திருந்தார். 1977-இல் நான் பள்ளி மாணவன். ஒரு மாலை அவர் என்னை மறுகோடி வீட்டில் வானொலிப் பெட்டியின்முன் அமர்த்தி, தாம் சாவியைத் தட்டினார். திரும்பி வந்து, "கீச்சிடுகிறது, சித்தப்பா" என்றேன். "முப்பது ஆண்டாகத் தட்டுகிறேன், எனக்குக் கேட்கவில்லையே!" என்றார். சினம் கொள்ளாமல் பெட்டியைத் திறந்தார். விஆர்-150-இன் ஊதா ஒளி அணைந்து கிடந்தது.

அன்று அவர் தாளில் போட்ட கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். ஊட்டும் அழுத்தம் 300 வோல்ட். தொடர்மின்தடை 5,000 ஓம். மீதி 150 வோல்ட்டுக்கு 30 மில்லியாம்பியர் ஓடும். சிறு வால்வுக்கு 15 போக, சீர்ப்படுத்திக்கு 15. பம்புசெட்டுகள் ஓடி, ஊட்டம் 240 ஆகத் தாழ்ந்தால், மொத்தம் 18-தான். சீர்ப்படுத்திக்கு மிஞ்சுவது 3. ஐந்துக்குக் கீழே இறங்கியதால் அது அணைந்தது. தடையை 4,000 ஓம் ஆக்கினார். தாழ்ந்த வேளையிலும் 7.5 கிடைத்தது. சிறு வால்வு ஓய்ந்திருக்கையிலும் முழு ஊட்டத்தில் 37.5-க்கு மேல் போகவில்லை, 40-க்குள் அடங்கியது. மறுநாள் மாலை ஊர் விளக்குகள் மங்கின; ஊதா ஒளியோ நின்றெரிந்தது. நான் கேட்ட ஒலி அசையவில்லை.

பின்னாளில் பௌதிகம் கற்பித்தபோது, ஓம் விதியை இக்கணக்கோடுதான் தொடங்குவேன். இன்று அவ்வால்வின் வேலையை மிளகளவுச் சீனர் டையோடு செய்துவிடுகிறது. ஆயினும் தேவை மாறவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேயரில் இருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் அமெச்சூர் வானொலி வழியே செய்தி அனுப்பினர். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நம் மாவட்டத்தின் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, மின்சாரமின்றி நாம் தவித்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். ஜெனரேட்டரும் பேட்டரியுமே துணையாகும் அத்தகைய நாளில், ஊர்ப்பெயர் ஒன்று பிழையாகக் கேட்டாலும் உதவி வேறிடம் போய்ச் சேரும்.

ஆகவே, கருவி அமைக்கும் மாணவர்கள் ஒன்றைச் செய்க. சாவியை நீங்கள் தட்டும்போது, தொலைவில் ஒரு தோழனை அமர்த்திக் கேட்கச் சொல்லுங்கள். அவன் குறை சொன்னால், என் சிற்றப்பாவைப்போல் பெட்டியைத் திறந்து பாருங்கள்.