ஆரணிச் சண்டை

ஆரணிச் சண்டை, இரண்டாம் கர்நாடகப் போரின்போது 1751 டிசம்பர் 3 அன்று ஆரணிக் கோட்டைக்கு அருகே நடந்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவும் மராட்டியக் குதிரைவீரர்களும் ஒருபுறம் நின்றனர். சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபும் பிரெஞ்சுப் படையும் எதிர்ப்புறம். வரலாற்று நூல்கள் இதைக் கிளைவின் வெற்றி என்றே சொல்லும். அன்று களத்தில் அடிபட்டவர்களின் கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்லிவிட்டுப் போக மனம் வராது.

இன்று பட்டுச்சேலைக்கும் அரிசி ஆலைகளுக்கும் பேர்போன ஆரணி, கமண்டல நாகநதிக் கரையில் ஆற்காட்டுக்குத் தெற்கே இருக்கிறது. அக்காலத்தில் ஆற்காட்டிலிருந்து செஞ்சிக்குப் போகும் படைகள் இப்பக்கமாகத்தான் போயாக வேண்டியிருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பீஜப்பூர்ப் படையோடு வந்த ஷாஜி, ஆரணிச் சீமையை வேதாஜி பாஸ்கர் பந்த் என்ற மராட்டியப் பிராமணருக்கு ஜாகீராகக் கொடுத்தார். கோட்டை அந்த ஜாகீர்தார் குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிக்கொண்டபோது, யார் கை ஓங்குகிறதோ அவர் பக்கம் சாய்வதைத் தவிரச் சிறிய கோட்டைக்காரர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை.

1751இல் திருச்சிராப்பள்ளியில் முகமது அலியைச் சந்தா சாகிப் முற்றுகையிட்டிருந்தார். அந்தப் பிடியைத் தளர்த்தக் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். ராஜா சாகிப் வந்து வளைத்துக்கொள்ள, முற்றுகை ஐம்பது நாள் நீடித்தது. நவம்பர் நடுவில் நடந்த கடைசித் தாக்குதலும் தோற்கவே அவர் பின்வாங்கினார். முகமது அலிக்காக மைசூர்க்காரர்கள் கூலி பேசி அழைத்த குத்தியின் மராட்டியத் தலைவர் முராரி ராவின் குதிரைப்படை நெருங்கிக்கொண்டிருந்ததும் அவரது அவசரத்துக்குக் காரணம். கிளைவ் திமிரிக் கோட்டையை எதிர்ப்பின்றி வாங்கிக்கொண்டு, முராரி ராவ் அனுப்பிய பாசின் ராவின் ஆட்களுக்காகக் காத்திருந்தார்.

பாசின் ராவ் எளிதில் அசைகிற ஆளில்லை. அவருடைய ஆட்களுக்கு நாட்டுப்புறத்தைக் கொள்ளையடிப்பதில் இருந்த நாட்டம் சண்டையில் இல்லை. புதுச்சேரியிலிருந்து ராஜா சாகிபுக்குப் பிரெஞ்சுத் துணைப்படை ஆரணிக்கு வருகிறது, கூடவே பெரும் பணமும் வருகிறது என்ற சேதி காதில் விழுந்த பிறகே 600 குதிரைகள் திரண்டன. அவற்றோடு 200 ஐரோப்பியரும் 700 சிப்பாய்களும் சேர, கிளைவ் விரைந்து நடந்து ஆரணியை அடைந்தார். எதிரியிடம் 300 பிரெஞ்சுக்காரர், சிப்பாய்களும் குதிரைவீரர்களுமாக நாலாயிரத்துக்கு மேற்பட்டோர், நான்கு பீரங்கிகள். கிளைவிடம் ஆள் குறைவாக இருப்பதைக் கண்ட ராஜா சாகிபின் படை தானே திரும்பித் தாக்க வந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த சமயம். கிளைவுக்கு முன்னால் சேறும் தண்ணீருமாக நெல்வயல்கள். இடப்பக்கம் ஒரு பனந்தோப்பு, அங்கே மராட்டியர். வலப்பக்கம் ஒரு சிற்றூர், அங்கே சிப்பாய்கள். நடுவெளியில் ஐரோப்பியர். வயல்களைக் குறுக்காகக் கடந்து ஊரை நோக்கி ஒரு மேட்டுப்பாதை வந்தது. தோப்புப் பக்கம் தரை கொஞ்சம் கெட்டி என்பதால் எதிரியின் குதிரைப்படை அங்கே பாய்ந்தது. பிரெஞ்சுக்காரர் பீரங்கிகளோடு மேட்டுப்பாதையில் வந்தனர்.

மராட்டியர் ஐந்து முறை பாய்ந்தார்கள். ஐந்து முறையும் எதிர்ச் சிப்பாய்களின் துப்பாக்கிச் சூடு அவர்களைத் திருப்பியது. மேட்டுப்பாதையில் வந்தவர்கள் நீளவாக்கில் குண்டடி பட்டுச் சேற்றில் இறங்கினார்கள். பீரங்கிகள் மட்டும் பாதையிலேயே நின்றன, இறக்கினால் புதைந்துவிடும். கிளைவ் ஊருக்குள்ளிருந்து ஆட்களை அனுப்பி அந்தப் பீரங்கிகள் மேல் பாயச் செய்ததும் பிரெஞ்சு அணி பின்வாங்க, அதைப் பார்த்துக் குதிரைப்படையும் ஓடியது. ஆரணிச் சாலையிலிருந்த மூன்று சத்திரங்களில் நின்று நின்று சுட்டுப் பார்த்தும் பயனில்லை. இருட்டியபின் ராஜா சாகிபின் படை ஆரணியை விட்டுச் செஞ்சிப் பக்கம் கலைந்தது.

தோற்ற தரப்பில் சுமார் 50 பிரெஞ்சுக்காரரும் 150 உள்நாட்டு வீரர்களும் விழுந்தனர். வென்ற தரப்பில் 8 சிப்பாய்கள், ஏறத்தாழ 50 மராட்டியர். ஐரோப்பியர் ஒருவர்கூட இல்லை. துரத்திப்போன மராட்டியர் 400 குதிரைகளோடும் லட்ச ரூபாய் இருந்த படைப் பணப்பெட்டியோடும் திரும்பினார்கள். அவர்கள் வந்த காரியம் முடிந்தது. மறுநாள்களில் ராஜா சாகிபின் சிப்பாய்கள் பலர் கிளைவிடமே வேலை கேட்டு வந்தனர். நல்ல ஆயுதம் வைத்திருந்த 600 பேரை அவர் சேர்த்துக்கொண்டார். சம்பளம் தருகிறவர் மாறினார், அவ்வளவுதான்.

ஆரணிச் சண்டையை விரிவாக எழுதிய ராபர்ட் ஓர்ம், விழுந்த சிப்பாய்களை எண்ணிக்கையாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்.

இத்தனைக்கும் கோட்டை விழவில்லை. ராஜா சாகிபின் உடைமைகளைக் கேட்டபோது கோட்டைத் தலைவர் முதலில் மறுத்தார். பிறகு ஒரு யானை, பதினைந்து குதிரைகள், மூட்டைமுடிச்சுகளை அனுப்பிவைத்தார். முகமது அலிக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியமும் செய்தார். கோட்டைக் கதவை மட்டும் திறக்கவில்லை. மதிலை உடைக்கும் பெரிய பீரங்கி கிளைவிடம் இல்லாததால் அவர் காஞ்சிபுரம் பக்கம் கிளம்பினார். அன்றைய நாளில் ஆரணிக்காரர் ஒருவர் செய்த கெட்டிக்காரத்தனம் இதுதான் என்று சொல்லலாம்.

முப்பது ஆண்டுகள் கழித்து ஆரணி மறுபடி போர்க்களமானது. மைசூரின் ஹைதர் அலி தம் தளவாடங்களை இங்கே குவித்திருந்தார். அவற்றைப் பிடிக்க வந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட்டை 1782 ஜூன் 2 அன்று ஹைதர் எதிர்கொண்டார். ஆற்றுப்படுகையில் சிக்கிய ஒரு பீரங்கியை இழந்தார். ஆனால் கோட்டை கூட்டுக்குக் கிடைக்கவில்லை. ஆறு நாள் கழித்து ஹைதர் விரித்த வலையில் கூட்டின் காவல் குதிரைப்படை விழுந்து அழிந்தது. ஜூன் 2 சண்டையே இருவருக்குமிடையே நடந்த கடைசிப் பெரும் போர். அவ்வாண்டு டிசம்பரில் ஹைதரும், அடுத்த ஏப்ரலில் கூட்டும் இறந்தனர்.

1790இல் திப்புவின் பாராமகால் மீது படையெடுக்க ஆங்கிலேயர் ஆரணியில் படை திரட்டினர். தலைமை ஏற்ற கர்னல் கெல்லி புறப்படுமுன்பே இங்கு இறந்ததால் மாக்ஸ்வெல் அதை நடத்திப்போனார். திப்பு வீழ்ந்த 1799க்குப் பின் இப்பக்கம் பெரிய போர் வரவில்லை. ஜாகீர் கம்பெனி ஆட்சியிலும் தொடர்ந்தது. அக்குடும்பம் ஆற்றுக்கு அக்கரையில் சத்தியவிஜயநகரத்தில் அரண்மனை கட்டிக் குடியேறியது. கோட்டைக்குள் இன்றும் கைலாசநாதர் கோயிலும் அரசு அலுவலகங்களும் இருக்கின்றன.