'அவசரம்' என்ற ஒரு வார்த்தை

இறங்கப் போன விமானம் சட்டென்று மறுபடி மேலே ஏறுறதைப் பார்த்திருப்பீங்க. அதுக்குப் பேர் 'கோ-அரவுண்ட்'. பெரும்பாலும் பயப்பட ஒண்ணுமில்லை. ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து இறங்கிவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு சுற்றுக்கே எரிபொருள் இல்லையென்றால்?

1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போன அவியாங்கா 52, ஒரு போயிங் 707. நியூயார்க்கில் வானிலை மோசம். விமானத்தை மூன்று இடங்களில், மொத்தம் 77 நிமிஷம் வானத்திலேயே சுற்றவைத்தார்கள். மூன்றாவது இடத்தில் துணை விமானி சொன்னார்: முன்னுரிமை வேணும், இன்னும் ஐந்து நிமிஷம்தான் தாங்கும், மாற்று இடமான பாஸ்டனுக்கும் இனி போக முடியாது. பாஸ்டன் விஷயம் அடுத்த கட்டுப்பாட்டாளருக்குப் போய்ச் சேரவே இல்லை.

இரவு 9:23. கென்னடி விமான நிலையத்தில் இறங்கும்போது காற்று திடீர்னு மாறுது, விமானம் ரொம்பத் தாழ்ந்துபோகுது, ஓடுபாதை கண்ணில் படலை. மேலே ஏறிட்டாங்க. கேப்டன் ஸ்பானிஷில் சொல்றார்: நாம அவசர நிலையில் இருக்கோம்னு அவங்ககிட்ட சொல்லு. துணை விமானி ஆங்கிலத்தில் சொன்னது வேறு: மறுபடி முயற்சி பண்றோம், எரிபொருள் தீர்ந்துகிட்டிருக்கு.

காக்பிட் உரையாடல் பதிவைப் படிக்கும்போது நான் நின்றுபோன இடம் இது. கட்டுப்பாட்டாளர் கேட்கிறார்: பதினைந்து மைல் வடகிழக்கே கொண்டுபோய்த் திருப்புறேன், உங்க எரிபொருளுக்குச் சரிப்படுமா? பதில்: சரிப்படும்னு நினைக்கிறேன், ரொம்ப நன்றி.

சில நிமிஷங்களில் நான்கு எஞ்சின்களும் நின்றன. லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற ஊரின் குன்றுச் சரிவில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவில்லை. எரிய எரிபொருளே இல்லையே.

'எரிபொருள் குறையுது' என்பது நெரிசலான இரவில் கட்டுப்பாட்டாளர் பலரிடமும் கேட்கிற பேச்சு. 'அவசரம்' என்றால்தான் மற்ற விமானங்களை ஒதுக்கி வழிவிடுவார். விசாரணை அறிக்கை விமானிகளை முதலில் குறை சொன்னது. கூடவே, எரிபொருள் நிலையைச் சொல்ல எல்லோருக்கும் ஒரே மாதிரி புரிகிற சொற்கள் இல்லாததையும் சுட்டிக்காட்டியது.

2012-இல்தான் சர்வதேச விதிகளில் அது தெளிவாக வந்தது. 'மினிமம் ஃப்யூயல்' என்றால், இனி தாமதம் தாங்காது. 'மேடே, மேடே, மேடே, ஃப்யூயல்' என்றால், கடைசி இருப்பிலும் கைவைத்துத்தான் இறங்கப்போகிறோம். இப்போது விமானி தயங்கவேண்டியதில்லை. கேட்கிறவர் ஊகிக்கவேண்டியதும் இல்லை.