பிரெஞ்சு ஒயின் லேபிளில் திராட்சையைத் தேடாதீங்க... ஊரைப் பாருங்க!

பிரெஞ்சு ஒயின் பாட்டிலை முதன்முறை கையில் எடுக்கிற பலரும் முழிக்கிற இடம், லேபிள். என்ன திராட்சைன்னு பெரும்பாலும் போட்டிருக்காது. ஊர்ப் பெயர்தான் பெருசா இருக்கும்.

காரணம், 1935-ல் பிரான்ஸ் கொண்டுவந்த ஏ.ஓ.சி விதிமுறை. எந்த ஊரில் எந்தத் திராட்சையைப் போடலாம், எவ்வளவு விளைச்சல் எடுக்கலாம் என்பதுவரை அதில் வரையறை உண்டு. அதனால ஊர் தெரிஞ்சா திராட்சையும் தெரிஞ்ச மாதிரிதான். பர்கண்டியில் சிவப்பு என்றால் பெரும்பாலும் பினோ நுவார், வெள்ளை என்றால் ஷார்டனே. போர்டோவில் காபர்னே சாவினியோன், மெர்லோ ரகங்களைக் கலப்பார்கள். ஜெர்மனியை ஒட்டிய அல்சாஸில் மட்டும் திராட்சைப் பெயரையே லேபிளில் போடும் வழக்கம் உண்டு.

ருசி பழக எளிய வழி, ரெண்டு கிளாஸை பக்கத்துல பக்கத்துல வைக்கிறது. ஷாப்லி, மெர்சோ... இரண்டுமே பர்கண்டி, இரண்டுமே ஷார்டனே. வடக்கே குளிர்ப் பகுதியில் இருக்கும் ஷாப்லி, எலுமிச்சை மாதிரி சுருக்குனு இருக்கும். தெற்கே இருக்கும் மெர்சோ ஓக் பீப்பாயில் ஊறுவதால் வெண்ணெய், பருப்பு வாசனை வரும். ஷாப்லி மண்ணில் ஆதிகாலச் சிப்பிகள் புதைந்திருப்பது உண்மை. அந்தச் சிப்பி ருசியே ஒயின்ல இறங்குதுன்னு சொல்றதெல்லாம் கொஞ்சம் ஓவர்!

கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும். மெதுவா சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரவ விடுங்க. சிவப்பு ஒயினில் நாக்கை இழுத்துப் பிடிப்பது டானின். நம்ம துவர்ப்புதான். பால் சேர்க்காத ஸ்ட்ராங் டீயில் வருமே, அதே சங்கதி. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருது. போர்டோவின் மெதோக்கில் இது தூக்கலா இருக்கும், போஜொலேவில் குறைவு. ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் விழுங்காமல் துப்பிவிடுவார்கள். பாதுகாப்பான மது அளவு என்று எதுவுமே இல்லை என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருப்பதால், அந்தப் பழக்கம் நமக்கும் நல்லதுதான்.

முகரும்போது கண்ணை மூடிக்கோங்க. போர்டோவில் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அதை அவர்கள் வர்ணித்தது சிவப்பு ஒயினுக்கான வார்த்தைகளில்! 2001-ல் வெளியான ஆய்வு இது. அதனால முதல்ல தோணுறதை போன்ல டைப் பண்ணிட்டு, அப்புறமா லேபிளைப் படிங்க.


இன்னொண்ணு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வேகத்தில் ஊற்றினால் வெள்ளை ஒயினில் வாசனையே வராது. பதினைந்து நிமிஷம் வெளியே வெச்சிருங்க.